கணினி அசைவூட்டத்தில் தமிழ் இதழசைவு: செயற்கை நுண்ணறிவு, தரவு அகழ்வு, எழுத்துப் பிறப்பியல்

முனைவர் பட்ட ஆய்வாளர் (தமிழ்), குந்தாரப்பள்ளி, கிருஷ்ணகிரி மாவட்டம்

ஆய்வுச் சுருக்கம்

கணினி அசைவூட்டத்தில் பாத்திரங்களின் வாயசைவை உருவாக்கும் பணி இன்று பெரும்பாலும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் ஒப்படைக்கப்படுகிறது. இக்கருவிகள் தரவுகளிலிருந்து கற்பவை. அத்தரவுகளுள் பெரும்பகுதி ஆங்கிலம் பேசுவோரின் முகக் காணொலிகளாகும். இரட்டித்த மெய், குவியா இதழ் உகரம், பேச்சில் திரியும் ஈற்று மகரம் முதலிய தமிழ் ஒலிப்பு நிலைகள் ஆங்கிலத் தரவில் இடம்பெறாதவை. எனவே தமிழ் பேசும் பாத்திரத்தின் வாய் தமிழ் பேசுவதாக அமையாத நிலை ஏற்படுகிறது. தொல்காப்பியப் பிறப்பியலின் பாகுபாடுகள் இத்துறையில் எவ்வாறு பயன்படும் என்பதையும், எல்லைப்பகுதித் தமிழின் இதழசைவு தரவில் இடம்பெற வேண்டியதன் தேவையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அசைவூட்டம், செயற்கை நுண்ணறிவு, தரவு அகழ்வு, வாயுரு, பிறப்பியல், குற்றியலுகரம், எல்லைப்பகுதித் தமிழ்.

1. முன்னுரை

பேச்சு காதால் மட்டும் கேட்கப்படுவதன்று, கண்ணாலும் கேட்கப்படுகிறது. 1976ஆம் ஆண்டு மெக்கர்க், மெக்டொனால்டு ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வு இதனை நிறுவியது. ‘ப’ என்னும் ஒலியோடு ‘க’ என ஒலிக்கும் வாயின் காட்சியை இணைத்துக் காட்டியபோது, பார்த்தோருள் பலர் இவ்விரண்டும் அல்லாத ‘ட’ போன்ற ஒலியைக் கேட்டதாகக் கூறினர். வாயின் தோற்றம் கேட்கும் ஒலியையே மாற்ற வல்லது என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வுண்மை அசைவூட்டத் துறைக்கு நேரடித் தொடர்புடையது. இன்றைய தமிழ்க் குழந்தைகள் தமிழை வீட்டிலும் தெருவிலும் கற்பதோடு திரையிலும் கற்கின்றனர். சன் குழுமத்தின் சுட்டி டிவி 2007ஆம் ஆண்டு முதல் கேலிச்சித்திரத் தொடர்களைத் தமிழ்க் குரலில் வழங்கி வருகிறது. தமிழ்நாடு அரசு 2023இல் தொடங்கிய மணற்கேணி செயலி பள்ளிப் பாடங்களை அசைவூட்டக் காணொலிகளாகத் தருகிறது. செவித்திறன் குறைந்த குழந்தைகளுக்கோ பாத்திரத்தின் உதடு பாடநூலுக்கு ஒப்பானது. அவ்வுதடு தமிழை ஒலிக்கவில்லையெனில் அக்குழந்தை பெறும் பாடம் பிழையானதாகும்.

இந்நிலையில், தமிழுக்குரிய வாயசைவை இயந்திரம் எங்கிருந்து கற்கிறது, அதனைச் சரிபார்ப்பவர் யார் என்னும் இரு வினாக்களை முன்வைத்து இக்கட்டுரை அமைகிறது.

2. தமிழகமும் கணினி அசைவூட்டமும்

கணினி அசைவூட்ட வரலாற்றில் சென்னைக்குத் தனியிடம் உண்டு. 2000ஆம் ஆண்டு வெளிவந்த ‘சிந்துபாத்: பியாண்ட் தி வெயில் ஆஃப் மிஸ்ட்ஸ்’ என்னும் ஆங்கிலப் படம், முழுக்க முழுக்க அசைவுப் பதிவு முறையில் உருவான முதல் முழுநீளக் கணினி அசைவூட்டப் படமாகக் கருதப்படுகிறது. அதன் அசைவூட்டப் பணியைச் செய்தது சென்னையைச் சேர்ந்த பென்டாஃபோர் நிறுவனம். தமிழில் 2007இல் ‘இனிமே நாங்கதான்’ என்னும் முப்பரிமாணப் படம் வெளிவந்தது. சௌந்தர்யா ரஜினிகாந்த் இயக்கிய ‘கோச்சடையான்’ (2014) நடிகரின் உடலசைவையும் முகபாவத்தையும் பதிவுசெய்து உருவாக்கப்பட்டது. 2009இல் மறைந்த நாகேஷின் உருவம் அப்படத்தில் கணினிவழி மீட்டுருவாக்கம் செய்யப்பட்டது.

2024ஆம் ஆண்டில் இப்போக்கு அடுத்த கட்டத்தை எட்டியது. ‘தி கிரேட்டஸ்ட் ஆஃப் ஆல் டைம்’ படத்தில் மறைந்த விஜயகாந்தின் தோற்றம் செயற்கை நுண்ணறிவின் துணையுடன் திரையில் இடம்பெற்றது. ‘லால் சலாம்’ படத்தில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்கள் மீட்டுருவாக்கப்பட்டன. முன்னைய படங்களில் அசைவு நடிகரின் உடலிலிருந்து நேரே பெறப்பட்டது. இன்றோ அது சேமித்த தரவிலிருந்து வருவிக்கப்படுகிறது. எனவே தரவின் இயல்பே அசைவின் இயல்பைத் தீர்மானிக்கிறது.

3. இதழசைவுக் கருவிகளின் வளர்ச்சி

ஒலியன் என்பது பொருள் வேறுபடுத்தும் ஒலியலகு. அதைப் போலக் கண்ணால் வேறுபடுத்தி அறியத்தக்க வாயின் வடிவலகை ஆங்கிலத்தில் ‘விசீம்’ என்பர். இக்கட்டுரை அதனை ‘வாயுரு’ எனக் குறிக்கிறது. பல ஒலியன்கள் ஒரே வாயுருவைப் பெறலாம். ‘பல்’, ‘மல்’ என்பவற்றின் முதலெழுத்துகள் காதுக்கு வேறு, கண்ணுக்கு ஒன்றே.

தொடக்கத்தில் இப்பணி அட்டவணை வழி நடைபெற்றது. எம்பெக்-4 என்னும் பன்னாட்டுத் தரநிலை, அமைதி நிலை நீங்கலாக 14 வாயுருக்களை வரையறுத்தது. இன்று கட்டணமின்றிக் கிடைக்கும் ‘ரூபார்ப்’ கருவி ஆறு அடிப்படை வாயுருக்களையும் மூன்று விருப்ப வாயுருக்களையும் கொண்டு இயங்குகிறது. இத்தகைய அட்டவணைகள் பெரும்பாலும் ஆங்கில ஒலிகளை அடிப்படையாகக் கொண்டவை.

அடுத்த நிலை தரவுவழி முறை. 1997இல் வெளிவந்த ‘வீடியோ ரீரைட்’ ஆய்வு, ஒருவர் பேசிய பழைய காணொலியிலிருந்து வாய்ப்படங்களைத் தேர்ந்தெடுத்துப் புதிய பேச்சுக்கேற்ப அடுக்கியது. 2017இல் என்விடியா ஆய்வாளர்கள், மூன்று முதல் ஐந்து நிமிடம் வரையிலான நடிப்புப் பதிவைக் கொண்டே ஒலியிலிருந்து முப்பரிமாண முக அசைவை உருவாக்கும் நரம்பியல் வலையைப் பயிற்றுவித்தனர். 2019இல் ஜெர்மனியின் மேக்ஸ் பிளாங்க் நிறுவனத்தார் உருவாக்கிய ‘வோக்கா’ தரவுத்தொகுதி, 12 பேர் ஆங்கிலத் தொடர்களைப் பேசிய ஏறத்தாழ 29 நிமிட முப்பரிமாணப் பதிவுகளைக் கொண்டது.

இந்தியாவிலிருந்து உலகளவில் அறியப்பட்ட பங்களிப்பு, ஐதராபாத் பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ‘வேவ்2லிப்’ ஆகும். எந்த மொழியின் ஒலியைத் தந்தாலும் அதற்கேற்ப முகத்தின் இதழசைவை மாற்றித் தருவது இக்கருவியின் நோக்கம். மொழிமாற்றக் காணொலிகளுக்கு இது பெருந்துணை புரிவது. ஆயினும், இக்கருவி பயிற்சி பெற்ற எல்ஆர்எஸ்2 தரவுத்தொகுதி பிபிசி ஒளிபரப்புகளிலிருந்து தொகுக்கப்பட்ட ஆங்கிலப் பேச்சாகும். விளைவை அளந்து மதிப்பிடப் பயன்படும் ‘சிங்க்நெட்’ வலையும் பிபிசி காணொலிகளிலேயே பயிற்சி பெற்றது. கற்பதற்கான பொருளும் கற்றதைச் சோதிக்கும் அளவுகோலும் ஒரே மொழியிலிருந்து பெறப்பட்டுள்ளன என்பது இங்குக் கருதத்தக்கது. தமிழில் நேரும் பிழையை ஆங்கில அளவுகோல் பிழையென்று காட்டும் என உறுதி கூற இயலாது.

4. தரவு அகழ்வு: செயல்முறை

தரவு அகழ்வு என்பது பெருந்தொகுதியான தரவில் புதைந்துள்ள ஒழுங்குகளைக் கண்டறிதல். தேர்வு, தூய்மையாக்கம், உருமாற்றம், அகழ்வு, விளக்கம் என ஐந்து படிநிலைகளாக இதனைப் பகுப்பர். இதழசைவைப் பொறுத்தவரை அவை பின்வருமாறு அமையும்.

முதலில், பேசுவோரின் முகமும் குரலும் ஒருங்கே பதிவுசெய்யப்படும். ஒளிக்குறைவு, முகம் திரும்புதல், இரைச்சல் முதலியன நீக்கப்படும். பின்னர் ஒவ்வொரு சட்டகத்திலும் முகப் புள்ளிகள் குறிக்கப்படும். கூகுளின் மீடியாபைப் முகவலை 468 புள்ளிகளைத் தருகிறது. அவற்றிலிருந்து இதழ்களின் அகலம், அவற்றுக்கிடையேயான உயரம், முன்னோக்கிய நீட்சி, தாடையின் இறக்கம் ஆகிய அளவைகள் கணக்கிடப்படும். குரற்பதிவும் எழுத்துவடிவமும் ஒப்பிடப்பட்டு, எந்த எழுத்து எந்தக் கணத்தில் ஒலித்தது எனக் குறிக்கப்படும்.

இதன் பின்னரே அகழ்வு தொடங்கும். ஒத்த வாய்வடிவங்களைக் கணினி குழுக்களாகப் பிரிக்கும். அடுத்து, எந்தச் சூழலில் எவ்வடிவம் தோன்றும் என்பதை முடிவெடுப்பு மரங்கள் வழி அறியலாம். ‘இவ்வெழுத்தின் பின் வருவது இதழ் குவியும் உயிரா?’, ‘முன்னுள்ள மெய் இதழொலியா?’ என்றவாறு அடுக்கடுக்கான வினாக்களால் தரவைக் கிளைகளாகப் பிரிப்பது இம்மரத்தின் இயல்பு. இவ்வினாக்களை அமைப்பதற்கு ஒலியியல் பாகுபாடு தேவைப்படுகிறது. இவ்விடத்தில் தமிழ் இலக்கணம் நேரடியாகப் பயன்படுகிறது.

5. பிறப்பியல் தரும் பாகுபாடு

தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயல் பிறப்பியல். உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு என்னும் இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் உறுப்புகளின் தொழிலால் வெவ்வேறு எழுத்தாகிறது என்பது அதன் அடிப்படைக் கருத்து. நன்னூல் இதனை மேலும் தெளிவாக்கி, காற்று நிலைபெறும் இடங்களையும் தொழில்புரியும் உறுப்புகளையும் தனித்தனியே பிரித்துரைக்கிறது. அசைவூட்டக் கலைஞர் இயக்க வேண்டியவை இப்பிரிவின் பிற்பகுதியில் அடங்குவன. அவற்றுள்ளும் புறத்தே நன்கு தோன்றுவது இதழே.

உயிரெழுத்துகளை பிறப்பியல் மூன்று தொகுதியாக்குகிறது. அ, ஆ இரண்டும் வாய் திறத்தலால் பிறப்பன. இ, ஈ, எ, ஏ, ஐ ஐந்தும் அத்திறப்போடு நாவிளிம்பு மேற்பல்லைப் பொருந்தப் பிறப்பன. உ, ஊ, ஒ, ஓ, ஔ ஐந்தும் இதழ் குவியப் பிறப்பன. அங்காந்த வாய், விரிந்த வாய், குவிந்த வாய் என்னும் மூன்று அடிப்படை வாயுருக்கள் இம்முத்தொகுதியோடு பொருந்துகின்றன. ஐ, ஔ ஆகியவற்றை அகர இகரமாகவும் அகர உகரமாகவும் மொழிமரபு கூறுவது, இவ்விரண்டும் நிலையான வடிவமாக அன்றி ஒரு வடிவிலிருந்து மற்றொன்றுக்கு நகரும் அசைவாக வரையப்பட வேண்டும் என்பதற்குக் குறிப்பாகிறது.

மெய்களில் ப, ம இரண்டும் இதழ் இயையப் பிறப்பன. வகரம் பல்லும் இதழும் இயையப் பிறப்பது. ஏனையவற்றின் பிறப்பு நாவும் அண்ணமும் பல்லும் சார்ந்தது. அவற்றுள் த, ந, ல ஆகியவற்றில் நாநுனி பல்லருகே வருவதால் ஓரளவு புலப்படும். க, ங, ச, ஞ, ட, ண, ற, ன, ர, ழ, ள ஆகியன வாய்க்குள்ளேயே நிகழ்வன. இவற்றின் இதழ் வடிவம் அடுத்துவரும் உயிரைப் பொறுத்தது. ‘கீழ்’ என்பதில் ககரம் ஒலிக்கும்போதே இதழ் விரிகிறது. ‘கூடு’ என்பதில் ககரம் ஒலிக்கும் முன்னரே இதழ் குவிகிறது. இதனை உடனொலிப்பு என்பர்.

வல்லினத்தின் ஒலிப்பு வேறுபாடு இங்கு நோக்கத்தக்கது. ‘கல்’, ‘தங்கம்’, ‘பகல்’ என்பவற்றில் ககரம் மூவகையாக ஒலிக்கிறது. எழுத்திலிருந்து பேச்சை உருவாக்கும் மென்பொருளுக்கு இது பெருஞ்சிக்கல். இதழசைவுக்கோ இது சிக்கலன்று. மூன்றிலும் இதழ் செய்வது வேறுபடுவதில்லை. பகரம் மட்டும் இதற்கு விலக்கு. ‘சபை’ போன்ற சொற்களில் உயிர்களுக்கிடையே வரும் பகரம் மென்மையாக ஒலிப்பதால் இதழ் முழுதும் மூடாமலும் அமையலாம்.

6. ஆங்கிலத் தரவில் இல்லாத தமிழ் நிலைகள்

6.1 இரட்டித்த இதழொலி

‘அமை’, ‘அம்மை’; ‘இமை’, ‘இம்மை’ ஆகிய இணைகளில் பொருளை வேறுபடுத்துவது மகரத்தின் நீட்சி. ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்குள் மெய்யின் நீட்சி பொருள் வேறுபாடு செய்வதில்லை. திரைப்படத்தின் ஒரு நொடி 24 சட்டகங்களைக் கொண்டது. ஒரு சட்டகம் ஏறத்தாழ 42 மில்லிநொடி. இரட்டித்த மெய்க்கு இதழ் மூடிய நிலை கூடுதலான சட்டகங்களுக்கு நீடிக்க வேண்டும். ஆங்கிலத் தரவில் மட்டும் பயின்ற கருவி இந்நீட்சியைப் பொருளுடையதாகக் கற்க வாய்ப்பில்லை. குழந்தை முதலில் பேசும் ‘அம்மா’, ‘அப்பா’ என்னும் இரு சொற்களும் இவ்வகையினவே.

6.2 குற்றியலுகரம்

‘காடு’, ‘வரகு’, ‘பாட்டு’, ‘குரங்கு’ முதலியவற்றின் ஈற்றுகரம் அரை மாத்திரை அளவினது. பிறப்பியல் சார்பெழுத்துகளுக்குத் தனிப் பிறப்பிடம் கூறாமல், தாம் சார்ந்துவரும் எழுத்தை ஒட்டியே அவை பிறக்கும் என்கிறது. இக்கால ஒலியியல் இவ்வுகரத்தை இதழ் குவியாத உயிராக விளக்குகிறது. தமிழ்ச் சொற்களுள் மிகப் பல இவ்வீற்றைக் கொண்டவை. உகரம் கண்ட இடமெல்லாம் குவிந்த வாயை அமைக்கும் கருவி, ஒவ்வொரு தொடரிலும் பலமுறை தவறான வாயுருவைத் தரும்.

இலக்கணப் பாகுபாட்டை அப்படியே விதியாக்குவதும் போதாது. ‘தெரு’, ‘குரு’ என்பவற்றில் உகரம் குவிந்து ஒலிக்கிறது. ‘அது’ என்பதன் உகரம் இலக்கணப்படி முற்றியலுகரம். பேச்சில் அதுவும் குவியாமல் ஒலிப்பதுண்டு. இலக்கணம் வினாவை எழுப்புகிறது. தரவு அதற்கு விடை தருகிறது.

6.3 ஈற்று மகரம்

எழுத்தில் ‘மரம்’, ‘பணம்’ என முடியும் சொற்களை மேடையிலும் செய்தியிலும் ஒலிக்கும்போது இதழ் மூடுகிறது. பேச்சில் ஈற்று ‘அம்’ மூக்கொலி ஏறிய ஒகரம் போல ஒலிக்கிறது. இதழ் மூடாமல் குவிந்து நிற்கிறது. ‘போகலாம்’ என்பதன் ஈற்றில் இதழ் திறந்தே முடிகிறது. எழுத்துரையை மட்டும் கொண்டு வாயசைவு அமைக்கும் கருவி எல்லா இடத்தும் இதழை மூடிவிடும். கதைசொல்லி செந்தமிழிலும் குழந்தைப் பாத்திரம் பேச்சுத்தமிழிலும் பேசும் ஒரே காட்சியில், இருவருக்கும் இருவேறு வாயசைவு தேவை. இரட்டை வழக்கு மொழியாகிய தமிழின் அடிப்படைத் தேவை இது.

6.4 இதழொலியை அடுத்த இகர எகரங்கள்

பிடி ‘புடி’ எனவும், பெட்டி ‘பொட்டி’ எனவும், பிள்ளை ‘புள்ளை’ எனவும் பேச்சில் திரிகின்றன. வட மாவட்டங்களில் வீடு ‘வூடு’ எனவும் வேண்டும் ‘வோணும்’ எனவும் ஒலிப்பதுண்டு. இதழொலிக்கும் நாமடி ஒலிக்கும் இடைப்பட்ட இகர எகரங்கள் குவியுயிராகும் இத்திரிபு, விரிந்த வாயைக் குவிந்த வாயாக்குகிறது. கேட்போர் மட்டுமின்றிக் காண்போரும் அறியத்தக்க மாற்றம் இது.

6.5 உரோமன் எழுத்தால் நேரும் பிழைகள்

பல கருவிகள் தமிழ் எழுத்தை ஏற்காமையால் உரையை உரோமன் எழுத்தில் மாற்றி இடும் வழக்கம் உள்ளது. அப்போது தகரத்தைக் குறிக்கும் இணையெழுத்தைக் கருவி ஆங்கில ஒலியாகக் கொண்டு, நாவைப் பற்களுக்கிடையே நீட்டிக் காட்டும். ழகரத்தைக் குறிக்கும் இணையெழுத்தை ஆங்கிலத்தின் உரசொலியாகக் கொண்டு இதழை முன்தள்ளும். ‘தமிழ்’ என்னும் பெயரே இவ்வாறு இருமுறை பிழைபடக் கூடும்.

7. தமிழ் வாயுருக்கள்: ஒரு முன்வரைவு

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், தமிழுக்கு ஓய்வு நிலை உட்படப் பத்து வாயுருக்கள் தொடக்க நிலையில் போதுமானவை எனலாம்.

1. ஓய்வு நிலை.
2. அங்காந்த வாய்: அ, ஆ.
3. விரிந்த வாய்: இ, ஈ, எ, ஏ, ஐகாரத்தின் முடிவு, யகரம்.
4. குவிந்த வாய்: உ, ஊ, ஒ, ஓ, ஔகாரத்தின் முடிவு.
5. மூடிய இதழ்: ப், ம். இரட்டித்தவழி நீட்சி பெறும்.
6. பல்லிதழ்: வ். ஆங்கிலத்தின் அழுத்தமான பல்லிதழ் உரசொலியினும் நெகிழ்வானது.
7. நாநுனி புலப்படும் வாய்: த், ந், ல்.
8. உயிரைச் சார்ந்த வாய்: ஏனைய மெய்கள்.
9. குவியா உகரம்.
10. மூக்கொலி ஏறிய குவியுயிர்: பேச்சுவழக்கின் ‘அம்’ ஈறு.

இறுதி இரண்டும் ஆங்கில அட்டவணைகளில் தனியிடம் பெறாதவை. இவ்வரைவு அகழ்வுக்குரிய தொடக்கக் கருதுகோள் மட்டுமே. தரவிலிருந்து கணினி பிரிக்கும் குழுக்கள் இதனோடு ஒத்துவருமிடத்து இது உறுதிப்படும். மாறுபடுமிடத்துத் திருத்தம் பெறும்.

8. எல்லைப்பகுதித் தமிழும் தரவின் பரப்பும்

தமிழ்ப் பேச்சுத் தரவு இன்று அரிதன்று. மைசூரு இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தின் மொழித் தரவுத் திட்டம், மொசில்லாவின் காமன் வாய்ஸ், நடுவண் அரசின் பாஷினி முதலியன இப்பணியில் ஈடுபட்டுள்ளன. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஏஐ4பாரத் ஆய்வகம் 2024இல் வெளியிட்ட இண்டிக்வாய்சஸ் தொகுதி, 22 மொழிகளில், 145 மாவட்டங்களைச் சேர்ந்த 16,237 பேரின் 7,348 மணிநேரப் பேச்சைக் கொண்டது. இவற்றால் கிடைப்பது ஒலி, முகம் அன்று. ஒலித் தரவுக்கு நிகரான முகக் காணொலித் தரவு தமிழுக்குத் தேவை.

அத்தரவு யாருடைய தமிழாக அமைய வேண்டும் என்பது அடுத்த வினா. சென்னையின் ஒலிப்பதிவுக் கூடங்களில் பணிபுரியும் குரற்கலைஞர்களை மட்டும் பதிவுசெய்தல் எளிது. அவ்வாறு அமையும் தரவு தமிழின் ஒரு முகத்தையே காட்டும். 2004ஆம் ஆண்டு தருமபுரியிலிருந்து பிரிந்து உருவான கிருஷ்ணகிரி மாவட்டத்தை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையே, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த குந்தாரப்பள்ளி, சூளகிரி போன்ற ஊர்களில் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்றும் அன்றாட வழக்கில் உள்ளன. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழ் பயின்று, சந்தையிலும் தொழிற்சாலையிலும் மூன்றையும் கலந்து பேசுவோர் இங்கு உளர். ஓசூர்த் தொழிற்பேட்டைகள் பிற மாவட்டத்தாரையும் இங்குக் கொண்டுவந்து சேர்த்துள்ளன.

இதழசைவு நோக்கில் இச்சூழல் பொருளுடையது. ‘காடு’, ‘நாடு’ என்பன தமிழுக்கும் கன்னடத்துக்கும் பொதுவான சொற்கள். தமிழில் இவற்றின் ஈறு குவியாத குற்றுகரம். கன்னடத்தில் குவிந்த முழு உகரம். தெலுங்கிலும் ‘செட்டு’, ‘இல்லு’ போன்ற சொற்களின் ஈறு குவிந்த உகரமே. இரு மொழியையும் ஒருங்கே பேசுபவர் ‘காடு’ எனத் தமிழில் கூறும்போது அவரது இதழ் எந்த அளவு குவிகிறது என்பது காணொலித் தரவால் மட்டுமே அளந்தறியத் தக்கது. இத்தகைய பேச்சாளரைத் ‘தமிழ் பேசுபவர்’ என்னும் ஒற்றைக் குறிப்போடு தொகுதியில் சேர்த்தால், வேறுபட்ட வாயுருக்கள் ஒன்றோடொன்று கலந்து சராசரியாகிவிடும். அச்சராசரி எவருடைய வாயுமன்று. இவரைப் பிழையெனக் கருதி நீக்கினாலோ, எல்லைப்பகுதி மக்களின் தமிழ் திரையில் இடம்பெறாது போகும். எனவே வீட்டுமொழி, பயிற்றுமொழி, ஊர், பேச்சுச்சூழல் ஆகிய நான்கும் ஒவ்வொரு பதிவோடும் குறிக்கப்பட வேண்டும். வட்டார வழக்காய்வில் பயிற்சி பெற்ற தமிழாய்வாளரே இதனைச் செவ்வனே செய்ய வல்லவர்.

9. இலக்கணம் தேவையா என்னும் எதிர்வாதம்

இன்றைய நரம்பியல் வலைகள் ஒலியலையிலிருந்து நேரே இதழசைவைக் கற்கின்றன. ஆதலின் வாயுரு அட்டவணையோ இலக்கணப் பாகுபாடோ தேவையில்லை என வாதிடுவோர் உளர். இவ்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. போதிய தமிழ்க் காணொலி கிடைப்பின், ஈற்று மகரம் இதழ் மூடாமல் ஒலிப்பதை எவரும் சொல்லாமலே வலை கற்றுக்கொள்ளும். ஆயினும் அது கற்றுக்கொண்டதா என்பதை அறிய ஒரு சோதனை வேண்டும். எந்தச் சொற்களைக் கொண்டு சோதிப்பது என்பதை வலை தானே கூறாது.

அச்சோதனைக்குரிய சொற்பட்டியலைத் தமிழ் ஒலியியல் தரும். இரட்டித்தலுக்கு அமை–அம்மை, இமை–இம்மை, உகரத்துக்கு மாடு–தெரு, ஈற்று மகரத்துக்கு இரு வழக்கிலும் மரம், பணம், போகலாம், குவிதல் திரிபுக்குப் பெட்டி–பொட்டி, வீடு–வூடு, இதழ் வேறுபாட்டுக்கு வலை–மலை–கலை, நகரும் உயிருக்கு ஐயா, ஔவை என்றவாறு அப்பட்டியல் அமையலாம். ஒலியை நீக்கிவிட்டு அசைவூட்டத்தை மட்டும் தமிழருக்குக் காட்டி, இணையில் எச்சொல் ஒலிக்கப்பட்டது எனக் கேட்பது எளிய சோதனை முறை. இதழைப் பார்த்துப் பேச்சறியும் பயிற்சியுடைய செவித்திறன் குறைந்தோரின் தீர்ப்பு இதில் முதன்மை பெற வேண்டும்.

10. தரவும் உரிமையும்

முகமும் குரலும் ஒருவருடைய அடையாளம். மறைந்த பாடகர்களின் குரலைப் பயன்படுத்தியபோது அவர்தம் குடும்பத்தாரிடம் இசைவு பெற்றதையும் அதற்குரிய ஊதியம் வழங்கியதையும் ஏ.ஆர். ரகுமான் வெளிப்படையாக அறிவித்தார். புகழ்பெற்றோருக்குக் கிடைக்கும் இம்மதிப்பு, ஆய்வுக்காகத் தம் முகத்தைத் தரும் சிற்றூர்ப் பேச்சாளருக்கும் கிடைத்தல் வேண்டும். 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இசைவை அடிப்படையாகக் கொண்டது. கள ஆய்வில் பெறும் இசைவுப் படிவம் பேச்சாளர் அறிந்த மொழியில் இருத்தல், பதிவு எதற்குப் பயன்படும் என்பதை விளக்குதல், முழு முகத்துக்கு மாற்றாக வாய்ப்பகுதியின் அளவைகளை மட்டும் வெளியிடுதல் ஆகியன பின்பற்றத்தக்க நெறிகள்.

11. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. இதழசைவுக் கருவிகளில் முதன்மையான சில, பயிற்சிக்கும் மதிப்பீட்டுக்கும் ஆங்கிலத் தரவையே சார்ந்துள்ளன.

2. இரட்டித்த இதழொலி, குவியா உகரம், ஈற்று மகரத் திரிபு, இதழொலிச் சூழலில் குவியும் உயிர் ஆகிய நான்கும் தமிழ் இதழசைவில் தனிக்கவனம் பெற வேண்டியவை.

3. தொல்காப்பியப் பிறப்பியலின் உயிர்ப் பாகுபாடு வாயுருப் பாகுபாட்டோடு பொருந்துகிறது. அது தரவு அகழ்வுக்குரிய வினாக்களை அமைக்க உதவுகிறது. பேச்சுவழக்கின் திரிபுகளுக்குத் தரவே சான்றாக அமையும்.

4. எல்லைப்பகுதிப் பன்மொழியாளரின் தமிழ், உரிய குறிப்புகளோடு தரவில் இடம்பெற வேண்டும்.

5. தமிழுக்கெனத் தனி மதிப்பீட்டுச் சொற்பட்டியல் உடனடித் தேவை. பெருஞ்செலவின்றித் தமிழ்த்துறைகள் மேற்கொள்ளத்தக்க பணி இது.

தரவைத் திரட்டும் வசதி கணினித் துறைகளிடம் உள்ளது. திரட்டிய தரவில் எது காடு என்பதன் உகரம், எது தெரு என்பதன் உகரம் எனப் பிரித்துக் குறியிடும் அறிவு தமிழ்த்துறைகளிடம் உள்ளது. இவ்விரு துறையினரும் இணைந்து ஒரு மாவட்டத்தின் பேச்சையேனும் முகத்தோடு பதிவுசெய்து குறியிடுவாராயின், தமிழ்க் குழந்தை திரையில் காணும் ‘அம்மா’ என்னும் சொல்லில் இதழ் உரிய அளவு மூடித் திறக்கும்.